புதுப்பிப்பு: வார்டிலிருந்து வீட்டுவழிச் சிகிச்சைக்கு

ஒன்றரை ஆண்டு வார்டில் இரவுப்பணி பார்த்துக் களைத்துப்போய், செவிலியர் படிப்பை வீணாக்காமல் வேறு எந்த வேலைக்குப் போகலாம் என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். மெடிக்கல் கோடிங் (மருத்துவப் பதிவுகளைக் குறியீடுகளாக மாற்றும் வேலை), கல்லூரிப் பயிற்றுநர் பணி எனப் பலர் வழிகாட்டியதற்கு மனமார்ந்த நன்றி.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ஒப்பந்த அடிப்படையில் வலிதணிப்புச் செவிலியராக (கடும் நோயுற்றோரின் வலியையும் அவதியையும் குறைக்கும் பணி) சேர்ந்து மூன்று மாதங்களாகின்றன. நடமாட இயலாதவர்களின் வீட்டுக்கே சென்று புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும், அவர்களைப் புரட்டிப் படுக்கவைக்கும் முறையைக் குடும்பத்தாருக்குக் கற்றுத்தருவதும் என் வேலை. ஒரே இரவில் முப்பது பேரைப் பார்த்த எனக்கு, நேற்று ஒரு பாட்டியின் குதிகால் புண்ணைக் கழுவிக் கட்ட முக்கால் மணி நேரம் கிடைத்தது. "நாளைக்கும் வருவியா தாயி?" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

ஊதியம் குறைவு, பணி நிரந்தரமில்லை என்ற கவலையும் உண்டு. விரும்புவோர், இப்பணிக்கு ஆள் எடுக்கும் மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் அறிவிப்புகளைக் கவனித்துவாருங்கள். செவிலியர் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள்.