பரணில் கிடைத்த பித்தளை விளக்கு – தங்கவயலின் பழைய சுரங்கங்களுக்குள் போனவர்கள் உண்டா?

வியாசை_ரயிலடி எழுதியது:

வணக்கம். வியாசர்பாடியில் எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். போன ஞாயிறு பரணைக் காலி செய்தபோது ஒரு பித்தளை விளக்கு கிடைத்தது. கைக்குள் அடங்கும் அளவுதான். மேலே ஒரு டப்பி, கீழே ஒரு டப்பி, நடுவில் மறையால் சேர்கிறது. முன்பக்கம் சின்னத் தட்டு, அதன் நடுவில் ஊசித் துளை. கீழ் டப்பியைத் திருகித் திறந்தால் வெள்ளையாக ஏதோ இறுகிக் கிடக்கிறது.

அம்மாவின் தாத்தா கோலார் தங்கவயலில் மைன்ஸ் வேலை செய்தவர். அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் பெரியவர்கள் ஒருவரும் இல்லை. இது என்ன விளக்கு? அப்புறம், நம் பக்கத்தில் தங்கவயல் சொந்தம் உள்ளவர்கள் நிறைய. சின்ன வயதில் அங்கே கைவிட்ட சுரங்கங்களுக்குள் போய்ப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

தண்டையார்பேட்டை_வெல்டர் எழுதியது:

கார்பைடு விளக்கு. கீழ் டப்பியில் கார்பைடு கல், மேல் டப்பியில் தண்ணீர். மேலே உள்ள சாவியைத் திருப்பினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கல்லில் விழும், கேஸ் கிளம்பும், ஊசித் துளை வழியே வந்து எரியும். கேஸ் வெல்டிங்கில் எரிகிற அதே அசெட்டிலின்தான். உள்ளே இறுகிக் கிடப்பது கல் கரைந்து மிஞ்சிய சுண்ணாம்பு. மாம்பழத்தைப் பழுக்க வைக்கத் திருட்டுத்தனமாகப் போடுவார்களே, அந்தக் கல்தான். மறையைப் பலவந்தமாகத் திருகாதீர்கள், பழைய பித்தளை விரிந்துவிடும்.

எருக்கஞ்சேரி_74 எழுதியது:

படம் பார்க்காமலே எனக்குப் பூண்டு வாசனை அடித்துவிட்டது. கார்பைடு எரியும்போது வரும் வாசனை அது.

என் அம்மா பிறந்தது தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கம் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ஒரு லைன் வீட்டில். அப்பா நம் பக்கத்து ஆலைத் தொழிலாளி. முழுப்பரீட்சை லீவு விட்டதும் பெரம்பூரில் ரயில் ஏறுவோம். பங்காருப்பேட்டையில் இறங்கி மாரிகுப்பம் வண்டிக்கு மாற வேண்டும். கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று ஸ்டேஷன் வரும். வேறு மாநிலத்துக்கு வந்த நினைப்பே இருக்காது. வண்டிக்குள் காதில் விழுவதெல்லாம் வடாற்காட்டுத் தமிழ். தாத்தாவின் அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து அங்கே பிழைக்கப் போனவர்.

நான் சொல்வது 1986. எனக்குப் பன்னிரண்டு வயது. மைன்ஸ் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து நூறு வருஷத்துக்கு மேல் தோண்டிய மண் அது. அதற்கும் முன்னால் உள்ளூர்க்காரர்கள் தோண்டிய குழிகள் வேறு. வேலை நின்றுபோன சுரங்க வாய்கள் ஊரைச் சுற்றிலும் கிடந்தன. சிலதைச் சுற்றிக் கல்சுவர், சிலதுக்கு முள்வேலி, சிலதுக்குப் புதர்தான் காவல்.

முதலில் நாங்கள் செய்ததெல்லாம் கல் போடுவதுதான். சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு ஒரு கல்லை விட்டு எண்ணுவோம். முதலில் சத்தமே வராது. அப்புறம் பக்கவாட்டில் ஒரு இடி, இன்னொரு இடி, சத்தம் சிறுத்துக்கொண்டே போகும். கடைசியாக அடியில் விழுந்த சத்தம் என்று ஒன்றை நாங்கள் கேட்டதே இல்லை. பதினைந்து எண்ணிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். வாயிலிருந்து முகத்தில் அடிக்கும் காற்று மட்டும் இன்னும் நினைவிருக்கிறது. வெளியே மே மாத வெயில். உள்ளிருந்து வருவது ஈரத் துணியைப் பிழிந்து விரித்த மாதிரி ஒரு குளிர்ச்சி.

உள்ளே போனது ஒரே ஒரு தடவை. செங்குத்தாக இல்லாமல் சரிவாக இறங்கும் பழைய வாய் ஒன்று இருந்தது. நான், பெரியம்மா மகன், மாமா பையன்கள் இரண்டு பேர். தாத்தா ரிட்டயர் ஆகியிருந்தார். அவருடைய கார்பைடு விளக்கைத் தாத்தாவுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டோம். சின்ன மாமா பையன் கையில் கடையில் வாங்கின மெழுகுவத்தி. உட்கார்ந்து நகர்ந்துதான் இறங்க முடிந்தது. பாறையில் உளி வெட்டின வரிகள் கைக்குத் தட்டுப்பட்டன. நாற்பது ஐம்பது அடி போயிருப்போம். மெழுகுவத்தி அணைந்தது. காற்று அசையவே இல்லை. தீக்குச்சி கிழித்தால் மருந்து மட்டும் சீறியது, குச்சி பற்றவில்லை. கார்பைடு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. "பெரிய விளக்கு எரியுது இல்ல, வாங்கடா" என்றான் பெரியம்மா மகன். இன்னும் பத்து அடி போனோம். எனக்கு நெற்றிப் பொட்டில் சம்மட்டி அடிக்கிற மாதிரி வலி. சின்னவன் உட்கார்ந்துவிட்டான், எழுந்திருக்கச் சொன்னால் சிரிக்கிறான். அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வந்தோம்.

ராத்திரி தாத்தா என் சட்டையை முகர்ந்து பார்த்தார். பூண்டு வாசனை. அடிக்கவில்லை. நடந்ததை முழுக்கச் சொல்ல வைத்தார். மெழுகுவத்தி அணைந்தது என்றதும் கையமர்த்தினார்.

"மெழுகுவத்தி அணையிற எடத்துல இது எரியும்டா. அதனாலதான் இதை நம்பக்கூடாது. மெழுகுவத்தி போனா ஆள் திரும்பணும்."

பெரியவனான பிறகுதான் அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். அது 16, 17-க்கு இறங்கினால் மெழுகுவத்தி அணைந்துவிடும். கார்பைடுச் சுடர் 12, 13 வரைக்கும் தாங்கும். நாங்கள் அந்தப் பத்து அடி நடந்தது இந்த இடைவெளிக்குள்தான். கெட்ட காற்று கனமானது, தரையோடு தேங்கும். உட்கார்ந்தவன் இன்னும் மோசமான காற்றை இழுக்கிறான். தாத்தா இந்த எண்களையெல்லாம் படித்தவரில்லை. ஆனால் எண்களில் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதே லீவில் இன்னொன்றும் நடந்தது. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், தரை ஒரு உலுக்கு உலுக்கியது. அலமாரியில் டம்ளர்கள் கலகலவென்று ஆடின. அங்கே அதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிப்பது. ஆயா, அதாவது பாட்டி, சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்தார். லைன் முழுக்கப் பெண்கள் வெளியே வந்து ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் இருக்கும் திசையைப் பார்த்து நின்றார்கள். யாரும் பேசவில்லை. யார் வீட்டு ஆள் எந்த ஷிஃப்ட் என்று எல்லோருக்கும் தெரியும். மாமா சாயங்காலம் வீட்டுக்கு வரும்வரை ஆயா கையைக்கூடக் கழுவவில்லை. காய்ந்த சோற்றுப் பருக்கை விரலில் ஒட்டியிருந்தது. அதற்கப்புறம் நான் எந்த வாயிலும் கல் போடவில்லை.

2001 பிப்ரவரி 28-ல் மைன்ஸ் மூடினார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பே தாத்தா போய்விட்டார். 2006-ல் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பழைய கல்சுவர் வாய்க்குப் போனேன். மனசு கேட்காமல் ஒரு கல் போட்டேன். நான்கு எண்ணுவதற்குள் தண்ணீரில் விழுந்த சத்தம். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் தோண்டிய இடம். மூடினதும் பம்பு நின்றது, ஊற்று நீர் கீழேயிருந்து ஏறி வந்துவிட்டது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

உங்கள் விளக்கின் அடியில் எண் ஏதாவது கீறியிருக்கிறதா பாருங்கள். எங்கள் தாத்தா அவருடையதில் கீறி வைத்திருந்தார்.

ராயபுரம்_வாசகி எழுதியது:

அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்ய முடியவில்லை. ஒரு சின்னத் தகவல் சேர்க்கிறேன். வெள்ளைக்காரர்களில் அந்தப் பழைய குழிகளைத் தேடிப் போனவர்களில் முந்தியவர் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி. 1802-ல் மைசூர் கிழக்கு எல்லையை அளக்க வந்தவர். உரிகம் பக்கம் மண்ணில் தங்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, காட்டுபவருக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊர் மக்கள் வண்டியில் மண் கொண்டுவந்து அவர் கண்முன்னே அலசித் தங்கத் துகளைக் காட்டினார்கள். மாரிகுப்பத்தில் மக்கள் குழிக்குள் இறங்கி வேலை செய்ததையும் அவர் எழுதியிருக்கிறார். அதே ஆள்தான் பிறகு நம் நுங்கம்பாக்கம் வான் ஆய்வுக்கூடத்தைக் கவனித்துக்கொண்டார், நம் பஞ்சாங்கக் கணக்குகளைப் பற்றிப் புத்தகமும் போட்டார். கண்டுபிடித்தவர் என்று அவர் பெயர்தான் நிற்கிறது. எனக்கு அந்த மண்ணை அலசிக் காட்டிய கைகள்தான் முக்கியம். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அவர் பார்த்தார்.

வியாசை_ரயிலடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எருக்கஞ்சேரி அண்ணா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். டம்ளர் ஆடின இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, அவருடைய அம்மாவும் தரை அதிர்ந்தால் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவார் என்றார். வியாசர்பாடியில் கூட்ஸ் வண்டி போனாலும் எழுவாராம். ஏன் என்று இத்தனை நாள் யாருக்கும் தெரியாது.

விளக்கை வெறும் துணியால் மட்டும் துடைத்தேன். சுண்ணாம்பை எடுக்கவில்லை. அடியில் எண் இருக்கிறது. ஆணியால் கீறியது போல, கோணலாக, 417.