மூட்டையில் பூசணம், மருந்தில்லாமல் வழி உண்டா? அவசரம்

கோரையாறு: மூட்டையைப் பிரித்தால் பூசண வாடை. வேப்பிலை, நொச்சி எல்லாம் போட்டுத்தான் கட்டினேன். மருந்து வைக்க மனமில்லை. இயற்கையாக என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை: என்ன மூட்டை தம்பி? நெல்லா, உளுந்தா? விதைக்கா, சாப்பாட்டுக்கா?

குறுவைக்காரர்: வசம்பை இடித்துத் துணியில் முடிந்து மூட்டைக்கு ஒன்று போடுங்கள். எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்து அதுதான்.

ஏர்முனை: பழைய பதிவுகளைப் படித்துவிட்டுக் கேட்டால் நல்லது, பலமுறை சொல்லியாயிற்று. வசம்பும் நொச்சியும் அந்துப்பூச்சிக்கும் வண்டுக்கும். பூசணம் ஈரத்தில் வருவது. ஈரப்பதம் எவ்வளவு? அதைச் சொல்லாமல் யாரும் வைத்தியம் பார்க்க முடியாது.

கோரையாறு: மாப்பிள்ளைச் சம்பா நெல், விதைக்கு, ஆறு மூட்டை. மெஷின் அறுவடை, இரண்டு நாள் காயவைத்தேன். ஈரம் பார்க்கக் கருவி இல்லை.

தாளடி: கருவி வேண்டாம். காய்ந்த பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நெல், இரண்டு ஸ்பூன் காய்ந்த தூள் உப்பு. ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் விடுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். விதைக்கு 13க்குள் வர வேண்டும். அரசு கொள்முதலில் 17 வரை எடுப்பதால் அதுவே போதிய காய்ச்சல் என்று நினைத்துவிடுகிறோம்.

வெண்ணாற்றங்கரை: மூட்டையை எங்கே அடுக்கினீர்கள்? இலை பச்சையா, காய்ந்ததா?

கோரையாறு: சிமெண்ட் தரையில், சுவர் ஓரம். இலை அன்று பறித்தது. அடிமூட்டையில் கைவிட்டால் கதகதப்பாக இருக்கிறது, நெல் கட்டிகட்டியாக வருகிறது.

வெண்ணாற்றங்கரை: அதுதான் காரணம். பச்சை இலையே ஈரம். மாசிப் பனியில் தரையும் ஈரம் ஏற்றும். இலையை நிழலில் காயவைத்துப் போட வேண்டும், அடியில் பலகை வேண்டும்.

குறுவைக்காரர்: பத்தாயம் (நெல் சேமிக்கும் மரப்பெட்டி) இருந்த வீட்டில் இந்தத் தொல்லையே இல்லை. சாக்கு வந்ததும் கெட்டது.

ஏர்முனை: ஈர நெல்லைப் பத்தாயத்தில் கொட்டினாலும் பூசணம் பூக்கும்.

குறுவைக்காரர்: எங்கள் பத்தாயத்தில் பூத்ததில்லை ஐயா. மரம் மூச்சு விடும்.

ஏர்முனை: அன்று கதிரை அறுத்து, அரிகாயப் போட்டு (தாளோடு வயலிலேயே காயவிட்டு), களத்தில் அடித்தோம். காய்ச்சல் அங்கேயே முடிந்தது. பெருமை மரத்துக்கு இல்லை.

தாளடி: சண்டை அப்புறம். தம்பி, கட்டி பிடித்ததை மாட்டுக்கும் கோழிக்கும் போடாதீர்கள். பூசணம் விடும் நஞ்சான அஃப்ளாடாக்சின் இருந்தால் வேகவைத்தாலும் போகாது, பாலிலும் இறங்கும். நல்லதைக் காலையும் மாலையும் காயவையுங்கள், விதைக்கு உச்சிவெயில் ஆகாது. அப்புறம் நூறு நெல்லை ஈரச்சாக்கில் முளைகட்டிப் பாருங்கள். குறைந்தது எண்பது முளைக்க வேண்டும். விதைக்கும்போது கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோய் தடுக்கும் நன்மை பாக்டீரியாத் தூள்) கலந்துகொள்ளுங்கள்.

கோரையாறு: அடி இரண்டு மூட்டை போயிற்று. மீதி நான்கையும் காயவைத்தாயிற்று, இப்போது உப்பு ஒட்டவில்லை. 84 முளைத்தது. நன்றி அண்ணே.