கறுப்புப் பாசி: லைட்டைக் குறைப்பதா, உரத்தை நிறுத்துவதா?

வைகைக்கரை:
வணக்கம். செடி வளர்க்கும் மீன்தொட்டி 60×30×36 செ.மீ., மண், கல் போக 50 லிட்டர் தண்ணீர். 30 வாட் எல்இடி, தினம் 10 மணி நேரம். செடிக்கு சிஓ2 (கரியமில வாயு) சர்க்கரை-ஈஸ்ட் பாட்டிலில் இருந்து. போர் தண்ணீரில் ஆர்ஓ கலந்து கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) 6, லைட் எரியும்போது பிஎச் 7.4. அனுபியாஸ் செடியின் இலை விளிம்பெல்லாம் கறுப்புத் தூரிகைப் பாசி. ரொட்டாலா செடியில் அடி இலை மஞ்சளாகி உதிர்கிறது, நுனி வெளிறி வருகிறது. மூன்று வாரமாக உரம் போடவில்லை, பாசி குறையவும் இல்லை. எதில் முதலில் கை வைப்பது?

பச்சைத்தொட்டி:
லைட்டில். நாளையிலிருந்து 6 மணி நேரம் போதும். டிம்மர் இருந்தால் பாதியாக்குங்கள், இல்லையென்றால் லைட்டை 15 செ.மீ. உயர்த்திக் கட்டுங்கள். செடிக்கு எவ்வளவு சிஓ2, எவ்வளவு உரம் தேவை என்பதை லைட்தான் முடிவு செய்கிறது. தேவைக்குக் கிடைக்காத செடி பழைய இலையைக் கைவிடும். நலிந்த அந்த இலையில்தான் பாசி ஒட்டும்.

உங்கள் கணக்கையே பாருங்கள். கேஎச் 6, பிஎச் 7.4 என்றால் தண்ணீரில் சிஓ2 சுமார் 7 பிபிஎம் (லிட்டருக்கு 7 மில்லிகிராம்). அதே கேஎச்சில் 30 பிபிஎம் வேண்டுமானால் பிஎச் 6.8-க்கு இறங்க வேண்டும். ஈஸ்ட் பாட்டில் முதல் வாரம் பொங்கும், மூன்றாம் வாரம் அடங்கிவிடும், செடிக்குத் தேவையில்லாத ராத்திரியிலும் ஓடும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் கறுப்புப் பாசி செழிக்கிறது.

சிஓ2 சிலிண்டர் வாங்க முடிந்தால் சொலினாய்டு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) உள்ள ரெகுலேட்டராகப் பாருங்கள். லைட் எரிவதற்கு 2 மணி நேரம் முன்பு திறந்து, அணைவதற்கு 1 மணி நேரம் முன்பு மூடும்படி டைமர் வையுங்கள். சிஓ2 அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கருக்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றாதீர்கள், 4 கேஎச் கரைசல்தான் வேண்டும். நீலம் என்றால் குறைவு, இளம்பச்சை சரி, மஞ்சள் ஆபத்து. நிறம் மாற இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். அதனால் சிஓ2 வரத்தைக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வை ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் தொடாதீர்கள். மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் சிஓ2-வை மூடி ஏர் பம்ப்பைப் போடுங்கள். கோடையில் தண்ணீர் 30 டிகிரி தொட்டால் ஆக்சிஜனே குறைவாகத்தான் கரையும். அப்போது 20 பிபிஎம் போதும்.

ஈரமண்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் உரத்தை நிறுத்தியது பெரிய தவறு. அடி இலை மஞ்சளாவது நைட்ரஜன் பஞ்சம், ஏனென்றால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கிறது. இரும்பை அப்படி நகர்த்த முடியாது, அதனால்தான் நுனி வெளிறுகிறது.

உரக்கடையில் 13-0-45 (பொட்டாசியம் நைட்ரேட்), 0-52-34 (மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்) என்று கேளுங்கள். 19-19-19 கொடுத்தால் வேண்டாம், அதில் அம்மோனியமும் யூரியாவும் இருக்கும். அரை லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் முதலாவது 40 கிராம், இரண்டாவது 3.5 கிராம் கரையுங்கள். இதில் 10 மில்லி உங்கள் தொட்டிக்கு நைட்ரேட் 9, பாஸ்பேட் 1 பிபிஎம் தரும். சிலிண்டர் வந்தபின் வாரம் மூன்று முறை, ஞாயிறு பாதித் தண்ணீர் மாற்றம். அதுவரை வாரம் ஒரு முறை. இரும்பைத் தனி பாட்டிலில் கரைத்து மறுநாள் ஊற்றுங்கள். பாஸ்பேட்டோடு சேர்ந்தால் படிந்துவிடும். ஈடிடிஏ, டிடிபிஏ இரண்டும் இரும்பைக் கரைந்தபடி பிடித்துவைக்கும் சேர்மங்கள். உங்கள் பிஎச்சுக்கு ஈடிடிஏ இரும்பு நிற்காது, டிடிபிஏ வாங்குங்கள்.

வைகைக்கரை:
நன்றி. சிலிண்டர் அடுத்த மாதம்தான். அதுவரை ஈஸ்ட் பாட்டில் இருக்கட்டுமா? இருக்கிற பாசியை என்ன செய்வது?

பச்சைத்தொட்டி:
பாட்டிலைக் கழற்றிவிடுங்கள். குறைந்த லைட்டில் சிஓ2 இல்லாமலேயே அனுபியாஸ் வளரும், ரொட்டாலா மெதுவாகப் போகும்.

பாசி அடர்ந்த இலைகளை வெட்டி எறியுங்கள். மிச்சத்துக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு: பில்டரை நிறுத்தி, சிரிஞ்சால் பாசி மேலேயே மெதுவாக விடுங்கள், மொத்தம் 20 மில்லிக்கு மேல் வேண்டாம். 10 நிமிடம் கழித்து பில்டரைப் போடுங்கள். இரண்டு மூன்று நாளில் கறுப்பு இளஞ்சிவப்பாக மாறினால் பாசி செத்துவிட்டது. பழைய இலை தேறாது. புதிதாக வரும் இலையில் பாசி ஒட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.