செம்பனை மறுநடவு: மழையும் சட்டமும் மாறும்போது எதைப் பார்த்து முடிவெடுப்பது?

கேள்வி: பீடோங் சிறுதோட்டக்காரர்

வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கிற்கு வெளியே எங்கள் குடும்பத்திற்குப் பன்னிரண்டு ஏக்கர் செம்பனை (பாமாயில் தரும் பனை) உண்டு. மரங்களுக்கு 25 வயதாகிவிட்டது. அரிவாள் கட்டிய கம்பு எட்டாத உயரத்தில் குலை தள்ளுவதால் மறுநடவு செய்தே ஆக வேண்டும். மீண்டும் செம்பனையே நடலாம் என்கிறார் அண்ணன். அருகில் உள்ள மேட்டு நிலத்தையும் குத்தகைக்கு எடுத்து டுரியானுக்கு மாறலாம் என்கிறார் தம்பி. இப்போது நடும் கன்று 2050 வரை நிற்கும். நம் நாடு நிகரக் கரிம வெளியீட்டைச் சுழியமாக்க, அதாவது வெளியிடும் கரிமமும் உறிஞ்சும் கரிமமும் சமமாக, வைத்திருக்கும் இலக்கும் ஏறத்தாழ அதே ஆண்டுதான். அதற்குள் எத்தனை அரசுகள் மாறுமோ தெரியாது. பெரிய நிறுவனங்கள் இதற்கெல்லாம் ஆலோசகர்களை வைத்திருக்கின்றன. எங்களைப் போன்றவர்கள் எதை முதலில் கணக்கில் கொள்ள வேண்டும்?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்)

தம்பி, முதலில் நீரைக் கணக்கில் கொள்ளுங்கள். செம்பனையில் வறட்சியின் விளைவு அந்த ஆண்டே முழுமையாகத் தெரியாது. பூ ஆணா பெண்ணா என்பது அறுவடைக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. நீர் குறைந்தால் மரம் ஆண் பூவையே மிகுதியாக விடும், குலை குறையும். 2015-இல் 19.9 மில்லியன் டன்னுக்கும் மேலிருந்த நாட்டின் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தி, எல் நினோ வறட்சிக்குப் பின் 2016-இல் 17.3 மில்லியன் டன்னாகச் சரிந்தது. விலை ஏறியது உண்மைதான்; குலை இல்லாதவனுக்கு அந்த விலையால் என்ன பயன்?

ஆகவே மறுநடவின்போதே மண்ணைப் போர்த்தும் மூடுபயிர் விதைப்பது, ஆலையிலிருந்து வெறுங்குலை (பழம் நீக்கிய குலை) வாங்கிப் பரப்புவது, சரிவில் மழைநீர் தேங்க மண்வரப்பு போடுவது ஆகிய செலவுகளை முதலீட்டில் சேர்த்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் உரம் கரைந்து ஆற்றில் போனதைத்தான் பார்த்தார்கள்.

மறுமொழி 2: ஆலைக் கணக்குப் பிரிவில் இருப்பவர்

ஐயா சொன்னது மரத்தின் கணக்கு. வாங்குபவரின் கணக்கு வேறு. எம்.எஸ்.பி.ஓ. எனும் மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020 ஜனவரி முதல் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரும் நாள் இருமுறை தள்ளிப்போனபோதும், 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த செம்பனைப் பொருளை அங்கே விற்க முடியாது என்ற விதி அப்படியே இருக்கிறது. விளைந்த நிலத்தின் இருப்பிட ஆயத்தொலைவுகளையும் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) காட்ட வேண்டும். பழைய செம்பனையை அழித்துச் செம்பனை நடுவது காடழிப்பு ஆகாது என்பதால் உங்கள் பன்னிரண்டு ஏக்கருக்குச் சிக்கல் இல்லை. அந்த மேட்டு நிலத்திலும் செம்பனை நட எண்ணினால், அங்கே எப்போது காடழிக்கப்பட்டது என்று கையெழுத்திடும் முன் விசாரிக்க வேண்டும்.

ஐரோப்பாவுக்கு நான் விற்கவில்லையே என்று எண்ண வேண்டாம். உங்கள் குலை ஆலையில் மற்றவர்களின் குலையோடு கலந்துவிடுவதால், ஒருவரிடம் ஆவணம் இல்லையென்றாலும் ஆலையின் எண்ணெய் முழுவதுமே கேள்விக்குள்ளாகும். பங்குச்சந்தையின் பெரிய நிறுவனங்கள் 2025 நிதியாண்டு முதல் பருவநிலை இடர்களை அறிக்கையிட வேண்டியிருப்பதால், அவை கேட்கும் தகவல் படிப்படியாக நம்மிடமே வந்து சேர்கிறது. செலவு சிறுதோட்டக்காரர்கள்மீது விழுகிறது என்ற குறை நியாயமானதே. ஆனாலும் நில வரைபடத்தையும் பட்டாவையும் ஒழுங்காக வைத்திருப்பவருக்குத்தான் பேரம் பேச இடமுண்டு.

மறுமொழி 3: கூலிம் வாசகர்

சான்றிதழ் உங்கள் வேலிக்குள் இருப்பதை மட்டுமே சொல்லும். வெள்ளம் வேலிக்கு அப்பாலிருந்து வருகிறது. கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளன. உலக மாநாட்டில் வாக்குறுதி கொடுப்பது புத்ராஜெயாவிலுள்ள மத்திய அரசு; காட்டை வெட்ட உரிமம் கொடுப்பதும் அந்த வருமானத்தை நம்பியிருப்பதும் மாநிலம். அரசியலில் இந்த முடிச்சு அவிழாத வரை எந்த நிகரச் சுழிய அறிவிப்பையும் நான் பாதி விலைக்கே எடுத்துக்கொள்வேன்.

நம் கெடாவே இதற்குச் சான்று. பினாங்கு மக்கள் குடிக்கும் நீரில் பெரும்பங்கு மூடா ஆற்றிலிருந்து செல்கிறது. அதன் நீர்ப்பிடிப்புக் காட்டைக் காக்கும் மாநிலத்திற்கு இழப்பீடு யார் தருவது என்ற வாக்குவாதம் பல ஆண்டுகளாக நீடிக்கிறது. காட்டைக் காக்கும் மாநிலங்களுக்குப் பணம் தரும் திட்டத்தை மத்திய அரசு 2019-இல் தொடங்கியது. மரம் விற்கும் வருமானத்தோடு ஒப்பிட்டால் அது சிறிது என்றே மாநிலங்கள் கருதுகின்றன. 2022 ஜூலையில் பாலிங்கில் மலையிலிருந்து மரங்களும் சேறும் உருண்டு வந்து மூவர் உயிரிழந்தபோது, மேலே டுரியான் தோட்டத்துக்காகக் காடு திருத்தப்பட்டதே பெரும் விவாதமாயிற்று. உங்கள் தம்பி குத்தகைக்குக் கேட்கும் மேட்டு நிலம் எவ்வளவு சரிவானது, அதற்கு மேலே யாருக்கு உரிமம் இருக்கிறது என்பதை மாவட்ட நில அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மேட்டு நில யோசனையைக் கைவிடும்படி தம்பியிடம் பேசுகிறேன். அவர் ஒத்துக்கொள்வாரா என்பது வேறு. ஒரே முறையில் அழித்தால் மூன்று ஆண்டுகள் வருமானம் இராது என்பதால் முதலில் ஆறு ஏக்கரை மட்டும் மறுநடவு செய்ய எண்ணுகிறோம். எந்த மாதத்தில் நடுவது நல்லது?

மறுமொழி: ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி

வடக்கே ஜனவரியும் பிப்ரவரியும் காய்ந்துவிடும். ஆகஸ்டு கடைசியில் நட்டால் செப்டம்பர், அக்டோபர் மழையில் வேர் பிடித்துவிடும். கன்று நாற்றங்காலில் ஒரு வயதாவது வளர்ந்திருக்க வேண்டும். ஆகவே உரிமம் பெற்ற நாற்றங்காலில் இப்போதே முன்பதிவு செய்து, விதையின் மூலத்தைக் காட்டும் ரசீதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.