1 டிபி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு விண்டோஸை மாற்றணும், நடுவில் கரண்ட் போனா?

ரங்கூன்வாசி:
வணக்கம். கோயில் ஆபீஸ் டெஸ்க்டாப், விண்டோஸ் 10. உள்ளே 1 டிபி ஹார்ட் டிஸ்க், அதில் 290 ஜிபி நிரம்பியிருக்கு. ஆன் பண்ணினா எழுந்து வர ரொம்ப நேரம் ஆகுது. 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கியாச்சு. நன்கொடைக் கணக்கு மென்பொருள், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த அழைப்பிதழ்கள், ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் இருக்கும் கடிதங்கள் எல்லாம் அப்படியே வரணும். பெரிய டிஸ்க்கிலிருந்து சின்னதுக்குப் போகுமா? இங்கே கரண்ட் சொல்லாமக் கொள்ளாமப் போகும். பாதியில் நின்னா பழைய டிஸ்க்கும் கெட்டுடுமா?

பெகு மெக்கானிக்:
போகும். டிஸ்க் எவ்வளவு பெருசுன்னு பார்க்க வேண்டாம், எவ்வளவு நிரம்பியிருக்குன்னு பாருங்க. 480 ஜிபியை விண்டோஸ் 447 என்று காட்டும். 290 தாராளமா உட்காரும்.

குளோன், அதாவது டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பது, ஓடும்போது பழைய டிஸ்க்கிலிருந்து வாசிக்க மட்டும்தான் செய்யும். கரண்ட் போனா புதுசு அரைகுறையா நிற்கும், பழசுக்கு ஒண்ணும் ஆகாது, முதலிலிருந்து ஓட்டிக்கலாம். “முதலில் சி டிரைவைச் சுருக்கு” என்று சிலர் சொல்வாங்க பாருங்க, ஆபத்து அங்கேதான். சுருக்கும்போது ஃபைல்கள் பழைய டிஸ்க்குக்குள்ளேயே இடம் மாறும். அந்த நேரம் பார்த்து அணைஞ்சா இருக்கிற ஒரே பிரதியும் கெட்டுடலாம். குளோன்ஜில்லா என்ற இலவச குளோன் மென்பொருள் சின்ன டிஸ்க்கைச் சாதாரணமா ஏத்துக்காது, சுருக்கச் சொல்லும். அதனால எஸ்எஸ்டி கம்பெனி தன் டிரைவுக்கென்று தரும் மைக்ரேஷன் மென்பொருளை எடுங்க. அது பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) அளவைப் புது டிஸ்க்கிலேயே குறைச்சுக்கும்.

டெஸ்க்டாப்தானே, யூஎஸ்பி அடாப்டர் வேண்டாம். மதர்போர்டில் விநாடிக்கு 6 கிகாபிட் சாட்டா போர்ட் எதுன்னு பார்த்து நேரா மாட்டுங்க. நல்ல டிஸ்க்கா இருந்தா 290 ஜிபிக்கு ஒரு மணி நேரம் போல ஆகும். இன்வெர்ட்டர் மட்டும் போதாது. லைன் மாறும் அந்தக் கணத்தில் கணினி ரீஸ்டார்ட் ஆகிடலாம், நடுவில் யூபிஎஸ் வையுங்க. குளோனுக்கு முன்னால கணக்கு மென்பொருளை மூடுங்க. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தா 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வச்சுக்குங்க.

இதெல்லாத்துக்கும் முந்தி டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ஓட்டி 05 (கெட்டு, மாற்றப்பட்ட செக்டர்கள்), சி5, சி7 என்ற வரிசை மூணும் என்னன்னு சொல்லுங்க.

மோல்மீன் தம்பி:
குளோன் எதுக்குங்க? விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. புதுசா 11 போட்டு ஃபைல்களை மட்டும் காப்பி பண்ணுங்க, பழைய குப்பையும் ஒழியும்.

பெகு மெக்கானிக்:
விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் இருந்தா சரி தம்பி, பழைய டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் இருக்காது. அதோட புது விண்டோஸில் பாமினியும் ஜோஜியும் இருக்காது. 2019 அக்டோபர் 1-ல் மியன்மார் நாடே யூனிகோடு என்ற பொது எழுத்துக்குறி முறைக்கு மாறினாலும் அதுக்கு முந்தின கடிதம் மாறலையே. எழுத்துரு இல்லாமத் திறந்தா எல்லாம் கந்தர்கோலமா இருக்கும். புதுசா போடுறதானால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் மறக்காம எடுக்கணும்.

ரங்கூன்வாசி:
பார்த்தேன் அண்ணே. மஞ்சள் நிறம். 05-ல் 0, சி5-ல் 8, சி7-ல் 0.

பெகு மெக்கானிக்:
அப்போ குளோனை நிறுத்தி வையுங்க. சி5 என்பது வாசிக்க முடியாம, மாற்றவும் படாம காத்திருக்கும் செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகள்). 4 கேபி செக்டர் டிஸ்க்கில் ஒண்ணு கெட்டாலே கணக்கில் 8 ஏறும், அதனால இது ஒரே இடமா இருக்கலாம். இன்னும் பரவல. சி7 ஏறியிருந்தா கேபிளைச் சந்தேகப்படலாம், இங்கே அப்படியில்லை.

விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையான செக்டிஸ்க்கை, கெட்ட செக்டர் தேடும் ஆர் போட்டு ஓட்டாதீங்க. மொத்த டிஸ்க்கையும் வாசிக்க வச்சு நோயாளியை ஓடவிடுற மாதிரி. முதலில் நன்கொடைக் கணக்கு ஃபோல்டரை, அப்புறம் கடிதங்களை, வெளி டிஸ்க்குக்கு எடுங்க.

அதுக்கப்புறம் லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூ, கெட்டுப்போகும் டிஸ்க்கை நகலெடுக்கும் மென்பொருள், ஓட்டுங்க. 1 டிபிக்குக் குறையாத இன்னொரு ஹார்ட் டிஸ்க் வேணும், 480 பத்தாது. முதல் சுற்றில் நல்ல பகுதிகளை அள்ளிடும், மறுசுற்றில் கெட்ட இடத்தை மட்டும் மூணு முறை முயலச் சொல்லுங்க. எங்கே விட்டதுன்னு மேப் ஃபைலில் குறிச்சுக்கிட்டே போகும், கரண்ட் வந்ததும் அங்கிருந்தே தொடரும். அந்த மேப் ஃபைலை வேற ஒரு பென்டிரைவில் வையுங்க. பென்டிரைவில் ஓடும் அந்த லினக்ஸின் ஹோம் ஃபோல்டரில் வச்சா அது ராம்தான், கரண்டோட அதுவும் போயிடும். எது மூலம், எது இலக்குன்னு பெயரை வச்சு நம்பாம டிஸ்க்கின் சீரியல் நம்பரைப் பாருங்க. தலைகீழாக் கொடுத்தா வெற்று டிஸ்க் கணக்கு மேல ஏறிடும்.

செக்டிஸ்க் அந்தப் பிரதியில் ஓட்டலாம். எஸ்எஸ்டிக்கு மைக்ரேஷனும் பிரதியிலிருந்துதான்.

மோல்மீன் தம்பி:
எஸ்எஸ்டியை முதல் தடவை பூட் பண்ணும்போது மற்ற டிஸ்க் கேபிள்களைக் கழட்டிடுங்க. ரெண்டுக்கும் ஒரே சிக்னேச்சர் (டிஸ்க்கின் அடையாள எண்) இருந்தா விண்டோஸ் ஒண்ணை ஆஃப்லைன் ஆக்கிடும், இல்லேன்னா பழசையே சி-ன்னு பிடிச்சுக்கும். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயோஸ் மோட் லெகசின்னு (பழைய பூட் முறை) இருந்தா குளோன் மென்பொருளில் ஜிபிடியா (புது வகைப் பார்ட்டிஷன் அட்டவணை) மாற்றும் டிக்கை எடுத்துடுங்க, மாற்றினா அந்த மோடில் பூட் ஆகாது. நீலத்திரையில் பூட் டிவைஸ் கிடைக்கலைன்னு வந்தா பயோஸில் சாட்டா மோட் முன்ன இருந்தபடியே இருக்கான்னு முதலில் பாருங்க, பூட் ஃபைல்களைத் திரும்ப எழுதுறதெல்லாம் அப்புறம்.