கிரேன் கேமரா: ஆபரேட்டருக்கு உதவியா, ஆளைக் குறைக்க ஒரு சாக்கா?

உச்சிக்கேபின்:
எங்கள் டவர் கிரேனின் நீண்ட கையில் கொக்கியைச் சுமந்து ஓடுகிற டிராலிக்கு அடியில் கேமரா மாட்டியிருக்கிறார்கள், திரை கேபினில். கட்டடத்தின் பின்பக்கம், லிஃப்ட் குழி என்று கண்ணுக்கு எட்டாத இடங்களில் இறக்கும்போது இதுவரை வாக்கிடாக்கியில் வரும் குரலை மட்டுமே நம்பி ஓட்டினேன். இப்போது லோடு போகிற வழியில் யார் குறுக்கே வருகிறார் என்று நானே பார்க்கிறேன். எல்லா டவர் கிரேனுக்கும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். மறுப்பவர்கள் வாருங்கள்.

கொக்கிக்காரன்:
வந்தேன். கீழே நின்று ஆபரேட்டருக்கு வழி சொல்கிற சிக்னல்மேன் நான். டிராலி கேமரா நேர் மேலிருந்து பார்க்கிறது. முன்கூட்டியே வார்த்த பெரிய கான்கிரீட் (ப்ரீகாஸ்ட்) பலகையைப் படுக்கையாக இறக்கும்போது திரையில் தெரிவது பலகையின் முதுகுதான். அது உட்காரப் போகிற இடத்தை அதுவே மறைத்துவிடும். அடியில் இன்னும் ஒரு அடி இருக்கிறதா, ஒரு சாணா? மேலிருந்து பார்த்தால் எல்லாம் தட்டை. அந்தக் கடைசிச் சாணில்தான் விரல் நசுங்குகிறது.

உச்சிக்கேபின்:
அண்ணே, கடைசிச் சாணுக்கு உங்கள் குரல்தான், அதில் சண்டையே இல்லை. அதற்கு முந்தைய 40 மீட்டர்? நடு மாடியில் சாரத்தின் குழாயில் டேக் லைன் (லோடு சுழலாமல் பிடிக்கிற கயிறு) சிக்கினால் கீழே நிற்கிற உங்களுக்குத் தெரியுமா?

கொக்கிக்காரன்:
சில சமயம் தெரியாது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்பு நான் வேலை செய்த சைட்டில் கேமரா வந்த கையோடு இரண்டு சிக்னல்மேனில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். “அதான் திரையில் தெரியுதே” என்பதுதான் பதில். என் கோபம் கேமராவின் மேல் இல்லை, இந்தக் கணக்கின் மேல்.

விதிப்பிரியன்:
அமெரிக்காவில் 2010 முதல் இருக்கும் ஓஷா (தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பு) கிரேன் விதிகளில் 1926.1419 என்ற பிரிவைப் பாருங்கள். லோடு போகும் வழியோ இறங்கும் இடமோ ஆபரேட்டரின் முழுப் பார்வையில் இல்லையென்றால் சிக்னல்மேன் இருந்தே ஆக வேண்டும். நடுவில் தொடர்பு அறுந்தால் அது திரும்பும்வரை வேலையைப் பாதுகாப்பாக நிறுத்த வேண்டும். பலகை மறைக்கிற இடத்தை முழுப் பார்வை என்று எந்த முதலாளி வாதாடுவார்?

கொக்கிக்காரன்:
வாதாடுவார்கள் சார், நீங்கள் சைட்டுக்கு வந்ததில்லை போல.

பூம்ராசா:
எல்லோரும் டவர் கிரேனையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மொபைல் கிரேனில் ஒரு பக்கத்தைப் பூமே (தூக்குகிற நீண்ட கை) மறைக்கும், கயிறு சுற்றுகிற வின்ச் டிரம்மோ முதுகுக்குப் பின்னால். கயிறு வரிசை தப்பி ஒன்றின்மேல் ஒன்று ஏறி உள்ளே புதைந்தால், பாரம் விழுகிறபோது வெட்டி இழுக்கும். அதைக் கேபினிலிருந்தே பார்க்க ஒரு சின்ன கேமரா போதும். இதற்கும் எதிர்ப்பா?

கொக்கிக்காரன்:
டிரம் கேமராவுக்கு என் ஓட்டு உண்டு. அது யார் வேலையையும் பறிக்காது.

அலைவரிசை:
படம் பிந்தி வருவதை யாரும் பேசவில்லையே. கொக்கி நிமிடத்துக்கு 60 மீட்டர் இறங்கினால் நொடிக்கு 1 மீட்டர். வயர்லெஸ்ஸில் படம் 0.3 நொடி பிந்தினால், நீங்கள் பார்க்கிற இடத்தைவிட லோடு 30 செ.மீ. கீழே போயிருக்கும். இதைவிட மோசம் படம் உறைந்துபோவது. திரை கறுத்தால் உடனே கை நிற்கும். உறைந்த படத்திலோ லோடு சமர்த்தாக நிற்பது போலவே தெரியும். படத்தோடு சேர்ந்தே வருகிற நொடி எண் ஒன்று திரை மூலையில் ஓட வேண்டும். அது நின்றால் நீங்களும் நிறுத்துங்கள். அப்புறம், லென்ஸை யார் துடைக்கிறார்கள்? சிமென்ட் தூசி படிந்தால் அரைக் குருடுதான்.

உச்சிக்கேபின்:
துடைக்கிற பொறுப்பு யாருக்கும் எழுதித் தரவில்லை, நானே டிராலி வரை போய்த் துடைக்கிறேன். நொடி எண் எங்கள் திரையில் இல்லை. மாட்டிக்கொடுத்தவரிடம் கேட்கிறேன்.

கொக்கிக்காரன்:
கேட்கும்போது இதையும் கேளுங்கள் தம்பி: கீழே சிக்னல்மேன் கையில் அதே படம் தெரிகிற மாதிரி ஒரு சின்னத் திரை தருவார்களா?