பொருள்: ‘நிரலோம்பகம்’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன்

அன்புள்ள குழுவினர் அனைவர்க்கும் வணக்கம்.

மாலை வகுப்பு மாணவர்க்காக நாம் எழுதிவரும் கையேட்டின் நான்காம் இயல், மென்பொருள் குழுவொன்று தன் நிரல்களை (கணினிக்கு எழுதும் கட்டளைத் தொகுப்புகளை) எந்தச் சேவையிடம் ஒப்படைப்பது, எதைப் பார்த்து ஒப்படைப்பது என்பதைப் பற்றியது. அந்த இயலின் தலைப்புச் சொல்லே இன்னும் முடிவாகவில்லை. இதுவரை வந்த மடல்களில் ‘பதிப்புக் கட்டுப்பாட்டு வழங்கல் சேவை’, ‘நிரற்கிடங்கு’, ‘நிரற்பட்டறை’, ‘நிரல் அடைக்கலம்’ ஆகிய நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. நான்கையும் வகுப்பில் சொல்லிப் பார்த்த பிறகு, ஐந்தாவதாக ‘நிரலோம்பகம்’ என்ற சொல்லை உங்கள் முன் வைக்கிறேன். நீண்ட மடலாக இருப்பதைப் பொறுத்தருள வேண்டுகிறேன். பெயர் பிழையானால் தேர்வும் பிழையாகும் என்று உறுதியாக நம்புவதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதலில், நாம் எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2024 சனவரியில் பெலால் புயல் நம் மொரீசியசுத் தீவைத் தாக்கிய நாள்களில், என் மாணவி ஒருவர் வீட்டில் இணையம் அறுந்துபோயிற்று. “இணையம் இல்லாததால் கிட்ஹப்பில் எதுவும் பதிவாகியிருக்காது, மூன்று நாள் வேலை போய்விட்டது” என்று அடுத்த வகுப்பில் அழாக்குறையாகச் சொன்னார். அவருடைய மடிக்கணினியைத் திறந்து, பதிவுகளைப் பட்டியலிடும் ‘கிட் லாக்’ என்னும் கட்டளையைத் தட்டச்சு செய்யச் சொன்னேன். ஆறு பதிவுகள், நாளும் நேரமும் அவருடைய பெயரும் தாங்கி, ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் வந்து நின்றன. எதுவும் போகவில்லை. அவர் வேலை செய்தது முழுவதும் கிட் என்னும் கருவியில். களஞ்சியம் இருந்தது அவருடைய கணினியிலேயே. கிட்ஹப் என்பது அந்தக் களஞ்சியத்தின் ஒரு படியை வைத்துப் பேணும் வெளியிடம், அவ்வளவுதான்.

ஆக, மூன்று பொருள்கள் உள்ளன. ஒன்று, மாற்றங்களைப் பதிந்து வரும் கருவி. இரண்டு, அந்தப் பதிவுகள் திரண்டிருக்கும் களஞ்சியம். மூன்று, களஞ்சியத்தை நமக்காக வைத்துக் காக்கும் இடம். முதலாவதை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் உருவாக்கினார். லினக்சு இயங்குதளத்தின் உட்கருவான கருநிரலை எழுதுவோர் அதுவரை இலவசமாகப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்னும் கருவிக்கான அனுமதி விலக்கிக்கொள்ளப்பட்டதே அதற்குக் காரணம். மூன்றாவதற்கு எடுத்துக்காட்டான கிட்ஹப் வந்தது 2008இல். இடையில் மூன்று ஆண்டுகள் கிட் இருந்தது, கிட்ஹப் இல்லை. இந்த ஒரு செய்தியைச் சொன்னதும் வகுப்பில் பாதிப்பேருக்குக் குழப்பம் தீர்ந்தது. நமக்குத் தேவைப்படும் சொல் இந்த மூன்றாவதற்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். முதல் இரண்டையும் விழுங்கிவிடக் கூடாது.

‘பதிப்புக் கட்டுப்பாட்டு வழங்கல் சேவை’ அந்தக் காரணத்தாலேயே எனக்கு ஒப்பவில்லை. அது கருவியின் பெயரை நீட்டிச் சேவைக்குச் சூட்டுகிறது. அதுவன்றி, ‘பதிப்பு’ என்றால் நம் மக்களுக்கு முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று நூல்தான் நினைவுக்கு வருகிறது. ‘பதிப்புக் கட்டுப்பாடு’ என்று கரும்பலகையில் எழுதியபோது, அது அரசு நூல்களைத் தணிக்கை செய்வதா என்று ஒரு மாணவர் உண்மையாகவே கேட்டார். கருவிக்கு வேறு நல்ல சொல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதைத் தனி இழையில் பேசுவோம்.

‘கிடங்கு’ என்ற சொல்லுக்கு இங்கே ஒரு தனிக் கவர்ச்சி உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் மாணவர்கள் பள்ளியில் பிரெஞ்சிலும் வீட்டில் கிரியோலிலும் வளர்ந்தவர்கள். கிட்டின் களஞ்சியத்தைப் பிரெஞ்சில் ‘தெப்போ’ என்பதால் அவர்கள் உடனே பற்றிக்கொள்கிறார்கள். ஆனால் வங்கியில் பணம் போடுவதும் தெப்போ, பேருந்துகளை நிறுத்திவைக்கும் இடமும் தெப்போ, சரக்கு வைக்கும் இடமும் தெப்போ. வைக்கப்பட்டதையும் வைக்கும் இடத்தையும் அந்தச் சொல் ஒன்றாக்கிவிடுகிறது. ‘நிரற்கிடங்கு’ என்றால் களஞ்சியம் என்று பொருள்படுமா, களஞ்சியத்தை வைத்திருக்கும் சேவை என்று பொருள்படுமா? இரண்டையும் பிரிப்பதற்காகத்தான் இவ்வளவு பேசுகிறோம்.

பிரெஞ்சிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது வேறொரு சொல்லில் இருக்கிறது. இணையத்தில் ஒன்றை வைத்துப் பேணுவதற்கு அவர்கள் ‘எபெர்ஜே’ என்கிறார்கள். வந்தவருக்குத் தங்க இடம் கொடுப்பதற்கும் அதே சொல்தான். ‘ஒபெர்ஜ்’ என்னும் விடுதிச் சொல்லும் அதே வேரினது. அந்த வினைக்கு நிகராக நம்மிடம் என்ன இருக்கிறது என்று தேடும்போது ‘ஓம்பு’ தானாக வந்து நிற்கிறது. விருந்தோம்பல் என்பதில் விருந்தினரைப் பேணுதல் உண்டு. உடலோம்பல் என்பதில் கேடு வராமல் காத்தல் உண்டு. நமக்கு இரண்டு பொருளும் வேண்டும்.

‘நிரற்பட்டறை’யைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தகைய சேவைகளைக் கொல்லுலைக்கு ஒப்பிட்டு ‘ஃபோர்ஜ்’ என்பது பிரெஞ்சிலும் உள்ள வழக்கு. இத்தகைய சேவையை நடத்த உதவும் ஃபோர்ஜெயோ என்னும் மென்பொருளின் பெயரும் எசுபெராந்தோ மொழியில் உலைக்களத்தைக் குறிக்கும் சொல்தான். உவமை அழகானது. ஆயினும் இன்று ‘பட்டறை’ என்றால் பயிற்சிப் பட்டறை என்றே பெரும்பாலோர் எண்ணுவர்.

இனி ‘அடைக்கலம்’. ரெயூனியன் தீவிலிருந்து நம் குழுவில் எழுதும் ஆசிரியை அவர்கள் இச்சொல்லுக்கு ஆதரவாக எழுதிய மடலை மூன்று முறை படித்தேன். அடைக்கலப்பொருள் என்பது பிறர் பொறுப்பில் நம்பி வைத்த பொருள். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். பொருள் நம்முடையது, காவல் மற்றவருடையது என்னும் உறவு இச்சொல்லில் போல வேறெதிலும் துலங்கவில்லை. இதை முழுமனத்தோடு ஏற்கிறேன். எனக்குள்ள தடை ஒன்றே ஒன்று. இந்தச் சேவைகளை வெளியாரிடம் வாங்கலாம், அல்லது கிட்ஹப் போன்ற சேவையான கிட்லாப்பின் சமூகப் பதிப்பையோ, கிட்டீ, ஃபோர்ஜெயோ ஆகிய மென்பொருள்களில் ஒன்றையோ நம் சொந்த வழங்கியில் (சர்வரில்) நிறுவி நாமே நடத்தலாம். இரண்டில் எது என்பதுதான் இயலின் முதற்கேள்வி. தன் வீட்டிலேயே தான் அடைக்கலம் புக முடியாதே! இரண்டாவது வகைக்குச் சொல் ஆக்க முற்பட்டால் ‘அடைக்கலம்’ அங்கேயே நின்றுவிடுகிறது.

‘ஓம்பு’ நிற்கவில்லை. பிறர் நமக்காகச் செய்வது ஓம்பல். நாமே செய்துகொள்வது தன்னோம்பல். செய்பவர் ஓம்புநர், செய்யும் இடம் ஓம்பகம். ‘கிட்லாப் எங்கள் களஞ்சியங்களை ஓம்புகிறது’ என்று வினையாகவும் எழுதலாம். இலக்கணமும் இடம்கொடுக்கிறது: காப்பு என்பது காப்பகம் ஆவது போல ஓம்பு என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம் கெட்டு ஓம்பகம் ஆகிறது, தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வரும்போது இரட்டித்துத் தன்னோம்பல் ஆகிறது. நிரலோடு சேர்த்தால் நிரலோம்பகம். நாவில் தடையின்றி ஓடுகிறது; வகுப்பில் இரண்டாம் நாளே மாணவர்கள் தாமாகச் சொல்லத் தொடங்கினார்கள்.

‘காப்பகம்’ என்றே சொல்லிவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் அஞ்சுவது அதைத்தான். நம் கையேட்டில் காப்பு நகல் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஓம்பலும் காப்பும் ஒன்றே என்று மாணவர் நினைத்துவிட்டால் பெருங்கேடு. 2017 சனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், பழுது பார்க்கும் அவசரத்தில், பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தின் கோப்புறையையே அழித்துவிட்டார். காப்பு நகல்கள் பலவும் கைகொடுக்கவில்லை. ஏறத்தாழ ஆறு மணிநேரத் தரவு மீளவில்லை. கிட் களஞ்சியங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அழிந்தவை சிக்கல் பதிவுகள், மாற்றத்தைச் சேர்க்கும்படி கேட்கும் இணைப்பு வேண்டுகோள்கள், அவற்றின்கீழ் எழுதிய கருத்துரைகள் போன்றவை. நடந்ததை மறைக்காமல் மீட்புப் பணியை உலகறிய ஒளிபரப்பியதற்காக அந்நிறுவனத்தை மதிக்கிறேன். நாம் கற்க வேண்டியது, நிரலின் முழு வரலாறு ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும், நிரலைப் பற்றி நாம் பேசிய பேச்சு ஓம்பகத்தில் மட்டுமே இருக்கும் என்பது. ஒரு மாற்றத்தை ஏன் ஏற்றோம், ஏன் மறுத்தோம் என்பதற்கான காரணங்களெல்லாம் அந்தப் பேச்சில்தான் உள்ளன. ஆகவே அதை வெளியே எடுத்துச் செல்ல வழி உண்டா என்பதைச் சேவையைத் தேரும் முன்பே கேட்க வேண்டும்.

ஓம்பகங்கள் மூடப்படுவதும் உண்டு. கூகுள் கோட் 2006இல் தொடங்கி, மூடப்போவதாக 2015 மார்ச்சில் அறிவித்து, 2016 சனவரியில் மூடியது. பிட்பக்கெட் மூடவில்லை, ஆனால் தான் தோன்றிய காலத்தில் எந்தக் கருவிக்காகத் தோன்றியதோ அந்த மெர்க்குரியல் என்னும், கிட் போன்ற கருவிக்கான ஆதரவையே 2020இல் நிறுத்திவிட்டது. ஓம்புநர் வாழும் நாட்டுச் சட்டமும் நம்மைக் கட்டும்: அமெரிக்கத் தடைச் சட்டங்களால் 2019இல் ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களின் நிரலாளர்களுடைய கணக்குகளைக் கிட்ஹப் முடக்கியது, ஈரானுக்கு 2021 சனவரியில் உரிமம் பெற்றுத் திறந்தது. நம் தீவுக்கு அப்படியொரு நிலை இல்லை. எனினும் வாடிக்கையாளர் தரவை நிரலோடு கலந்து வைக்கும் குழுக்கள், நம் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவில் கொள்ள வேண்டும்; அப்படிக் கலந்து வைப்பதே தவறு என்பது வேறு.

மொரீசியசின் எபேனில் நான் பணியாற்றும் மென்பொருள் குழுவில் பதினோரு பேர். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் களஞ்சியங்கள் அனைத்தும் ஒரு சேவையில், அப்போதைய தலைமை நிரலாளருடைய சொந்த மின்னஞ்சலில் தொடங்கிய கணக்கில் இருந்தன. அவர் வேலையை விட்டு வெளிநாடு சென்றபோது அதை எவரும் எண்ணிப்பார்க்கவில்லை. கடவுச்சொல் காலாவதியான நாளிலிருந்து ஒன்பது நாள் புதிய மாற்றம் எதையும் மேலேற்ற முடியவில்லை. நிரல் எங்களுடையது என்று சேவையினரிடம் மெய்ப்பிக்க எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. கணக்கு எவர் பெயரிலோ அவரே உடையவர் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அவரைத் தேடிப் பிடித்துக் கேட்டு, அவர் நல்லவராதலால் கணக்கை மாற்றித் தந்தார். உடைமையும் ஓம்பலும் வேறு வேறு என்பதை அந்த ஒன்பது நாள்களில் கற்றேன். எந்தச் சேவையானாலும் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும், உரிமையாளர் நிலையில் குறைந்தது இருவர் இருக்க வேண்டும் என்ற விதியை விலைப்பட்டியலுக்கும் முன்னால், இயலின் முதற்பக்கத்திலேயே வைக்க விரும்புகிறேன்.

புலவர் ஐயா ஒருவர், பழந்தமிழில் ‘ஓம்பு’ என்பதற்கு விலக்கு, தவிர் என்ற பொருளும் உண்டு என்று சுட்டியிருந்தார். உண்மைதான். ஆனால் இன்றைய வழக்கில் அப்பொருள் ஏறத்தாழ மறைந்துவிட்டது. விருந்தோம்பல் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கேடு வராமல் விலக்குவதும் ஓம்புநர் கடமைதானே என்றும் ஐயாவிடம் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

துணைச் சொற்களில் ஒன்றை மட்டும் இப்போதே முடிவுசெய்துகொள்ளலாம். நம் மாற்றத்தைக் களஞ்சியத்தின் முதன்மைக் கிளையில் (எல்லாரும் பகிரும் முதன்மை நிரலில்) சேர்க்கும்படி கேட்பதைக் கிட்ஹப் ‘புல் ரிக்வெஸ்ட்’ என்கிறது, கிட்லாப் ‘மெர்ஜ் ரிக்வெஸ்ட்’ என்கிறது, செயல் ஒன்றே. ‘இழு கோரிக்கை’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைக் கைவிட்டு, இரண்டுக்கும் பொதுவாக ‘இணைப்பு வேண்டுகோள்’ என்றே எழுதுவோம். மேலே நானும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

இயலின் தொடக்கமாக நான் எழுதிவைத்திருக்கும் விளக்கம் இது: “நிரலோம்பகம் என்பது, ஒரு குழுவின் நிரற்களஞ்சியங்களையும் அவற்றைச் சார்ந்த உரையாடல்களையும் அக்குழுவுக்காக வைத்துப் பேணி, அனுமதி பெற்றவர் எங்கிருந்தும் அணுகச் செய்யும் இடம். அதைப் பிறர் நடத்தினால் ஓம்பல், குழுவே தன் வழங்கியில் நடத்தினால் தன்னோம்பல்.” இதில் ‘இடம்’ என்பதா ‘சேவை’ என்பதா என்று எனக்கே இன்னும் முடிவில்லை, தன்னோம்பலைச் சேவை என்று அழைக்க மனம் ஒப்பவில்லை. ஞாயிறு மாலைக்குள் உங்கள் கருத்துகளை எழுதினால், திங்களன்று இயலைத் தட்டச்சுக்கு அனுப்புவதற்கு முன் திருத்திவிடுவேன்.

அன்புடன்,
எபேனிலிருந்து, நான்காம் இயலை எழுதுபவன்